புள்ளி எட்டு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீ, உன் மனைவி, குட்டி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குக் காது வலி என்று எழுதியிருந்தாயே, சரியாகிவிட்டதா?

வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அத்தான் இறந்து நான்கு மாதம் கழித்து, அவர் பார்த்த வேலையையே கம்பெனியில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் படித்த வேதியியல் போதுமாம். "ஒண்ணும் பெரிய வித்தை இல்லம்மா. முக்கணும், பாக்கணும், எழுதணும்" என்றார் சூப்பர்வைசர்.

சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கல் பூசும் பட்டறை. குழாய்களும் கதவுக் கைப்பிடிகளும் கொக்கிகளில் தொங்கியபடி பச்சைத் தொட்டிக்குள் இறங்கி, பளபளவென்று வெளியே வருகின்றன. பிறகு மூன்று அலசல் தொட்டிகள். மூன்றாவது தொட்டித் தண்ணீர்தான் வாய்க்காலுக்குப் போகிறது. அதில் எவ்வளவு நிக்கல் கரைந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கரைந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாதே. மீட்டரின் புரோபை, அதாவது தகடு வைத்த முனையை, உள்ளே விட்டால், தண்ணீர் வழியாக எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்று முள் காட்டுகிறது. கரைந்தது கூடினால் முள்ளும் ஏறும். எந்த எண்ணுக்கு எவ்வளவு நிக்கல் என்று அத்தான் ஒரு கட்டத்தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறார். முள் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மதகைத் திறக்கலாம். மேலே போனால் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். மீட்டர் பழுது பார்க்கிற உனக்கு இதெல்லாம் அத்துபடி. நான் பாடம் ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான்.

தினமும் புள்ளி எட்டு வருகிறது. அத்தானின் நோட்டிலும் புள்ளி எட்டு, புள்ளி எட்டு, எப்போதாவது புள்ளி ஏழு. நடுவில் நான்கு மாதம் யாரும் எழுதவில்லை; அவர் கையெழுத்து முடிந்த வரிக்கு அடுத்த வரியில் என் கையெழுத்து தொடங்குகிறது.

எதிர்வீட்டு அம்மாள் வந்து, "மனசுலயே வெச்சுக்காதம்மா, வாய் விட்டு அழுதுடு" என்றார். வைத்துக்கொள்ள மனதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

ஒரு சந்தேகம். புரோபின் தகடுகளில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. எதில் கழுவ வேண்டும்?

குட்டிக்கு ஒரு முத்தம்.

அக்கா


ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். குட்டியின் காது சரியாகி, இப்போது எங்கள் காதுதான் வலிக்கிறது. அப்படிக் கத்துகிறாள்.

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னாலே "ஷாக் அடிக்கும்டா" என்று ஓடிப்போன நீ, தண்ணீருக்குள் கரண்ட் விட்டு அளக்கிறாய்! சொன்னால் என் வீட்டுக்காரி நம்பவில்லை. "அண்ணியா? மிக்சியைப் போடவே துணியைச் சுத்திக்கிட்டுப் போடுவாங்களே" என்கிறாள்.

புரோபை நீர்த்த அமிலத்தில் ஐந்து நிமிடம் ஊறவை. மெல்லிய தூரிகையால் தடவு, தேய்க்காதே. பிறகு சுத்த நீரில் மூன்று முறை அலசு. தண்ணீரின் சூட்டையும் கவனி. சூடு கூடினால் முள்ளும் ஏறும். எப்போதும் ஒரே சூட்டில் அள.

இன்னொன்று. மீட்டர் பெட்டியைத் திறக்காதே. உள்ளே எல்லாம் நாசூக்கான வேலை. ஏதாவது ஆனால் எனக்கு எழுது, நானே வந்து பார்க்கிறேன்.

அத்தானை நினைக்காத நாள் இல்லை. எனக்கு இந்தத் தொழிலுக்கு வழிகாட்டியவரே அவர்தானே. உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

நீ சொன்னபடியே புரோபைக் கழுவினேன். பச்சை போய், தகடுகளின் சொந்தக் கறுப்பு தெரிகிறது. இப்போதும் புள்ளி எட்டுதான்.

நேற்று நிக்கல் உப்பு விற்பவர் வந்தார். பட்டறையில் எல்லோரும் அவரை உப்புக்காரர் என்பார்கள். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்தார். புதிதாக விற்க வந்திருக்கிறதாம். மூன்றாவது தொட்டியில் முக்கினார். இரண்டு புள்ளி ஒன்பது.

"என்ன மேடம், உங்க மீட்டர் தூங்குதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மறுபடி முக்கச் சொன்னேன். இரண்டு புள்ளி ஒன்பது. நம் மீட்டரில் புள்ளி எட்டு. ஒரே தொட்டி, ஒரே சூடு.

எது சரி?

அத்தானின் மூக்குக் கண்ணாடி மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

அந்தப் பேனா மீட்டரெல்லாம் விளையாட்டுச் சாமான். அதை நம்பி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நம் மீட்டர் பழையதானாலும் உறுதியானது. புள்ளி எட்டு என்றால் புள்ளி எட்டுதான். இதைப் பற்றி சூப்பர்வைசரிடமோ வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்காதே. புது வேலை, எதற்கு வீண் வம்பு?

கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வாயேன். குட்டி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். லீவு இப்போது கிடைக்காது.

இரண்டு விஷயம் எழுத வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் கீழ்த்தெருவில் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. ஆறு பெண்கள் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறார்கள். அதை நடத்துகிற அம்மாள் போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"லேப் சாரோட வீட்டம்மா நீங்கதானா? துக்கம் விசாரிக்கணும்னு நெனச்சு நெனச்சு இப்பத்தான் வர முடிஞ்சுது" என்றார். உட்காரச் சொன்னேன். கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தபோதுதான் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, முழங்கை வரைக்கும் செதில் செதிலாகச் சிவந்திருந்தது.

"எங்க ஆறு பேருக்குமே இப்படித்தாம்மா. சோப்பு ஒத்துக்கலன்னு டாக்டர் சொன்னாரு. சோப்ப மாத்தியும் போகல. உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுஷன். மாசம் தவறாம களிம்பு வாங்கியாந்து கொடுப்பாரு. ஆறு பேருக்கும் ஆறு டியூப். நாங்க கேட்டதே இல்ல."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நாலு வருஷம் இருக்கும்மா."

எனக்கு இது தெரியாது. பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்.

அவர்கள் துவைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வாய்க்கால் ஓரத்துக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து எடுக்கிறார்களாம்.

இரண்டாவது விஷயம். அலமாரியில் மீட்டரோடு வந்த புத்தகம் கிடைத்தது. மீட்டர் சரியா என்று பார்க்க, எண் முன்கூட்டியே தெரிந்த ஒரு கரைசலை நாமே தயாரிக்கலாம் என்று போட்டிருக்கிறது. பொட்டாசியம் குளோரைடை அளந்து ஒரு லிட்டர் சுத்த நீரில் கரைத்தேன். ஒன்று புள்ளி நான்கு ஒன்று காட்ட வேண்டும். நம் மீட்டர் புள்ளி மூன்று ஒன்பது காட்டியது. பத்து மடங்கு கெட்டியாகக் கரைத்து, மீட்டரின் திருகைப் பூச்சுத் தொட்டிக்கு வைக்கிற பெரிய அளவுக்குத் திருப்பிப் பார்த்தேன். அங்கே அப்படியே சரியாகக் காட்டுகிறது. அலசல் தொட்டிக்கு வைக்கிற சின்ன அளவில் மட்டும்தான் குறைகிறது.

இதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து தகவல் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

பேனா மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது வெறும் உப்பும்மா. எந்த உப்பு கரைஞ்சாலும் முள்ளு ஏறும். நிக்கல்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. என்ன கரைந்திருக்கிறது என்று மீட்டருக்குத் தெரியாது, எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். அதனால் மூன்றாவது தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து காஸ்டிக் சோடா விட்டேன். சாப்பாட்டு உப்பாக இருந்தால் ஒன்றும் ஆகாது, நிக்கல் என்றால் பச்சையாகத் திரளும். இது வெளிர்பச்சையாகத் திரண்டு அடியில் இறங்கியது. குவளையில் ஒரு விரல் உயரத்துக்கு. அதைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

அவர் குவளையைப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் இப்படியெல்லாம் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லம்மா" என்றார்.

பிறகு நான் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். நீ திறக்காதே என்று எழுதியிருந்தாய், மன்னித்துக்கொள். சின்ன அளவுக்கான கம்பியில் கூடுதலாக ஒரு துண்டு பற்றவைத்திருக்கிறது. சுத்தமான வேலை. மூடியின் உட்புறம் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் நீ இங்கே வந்து பத்து நாள் தங்கியிருந்தாயே, அந்த வாரம். நீ பழுது பார்க்கிற எல்லாவற்றிலும் உள்ளே தேதி எழுதுவாய், எனக்குத் தெரியும். என் தையல் இயந்திரத்திலும் எழுதியிருக்கிறாய். ஏழு என்ற எண்ணுக்கு அதே மாதிரி நடுவில் கோடு போட்டுத்தான்.

பெட்டியை மூடிவிட்டேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. குட்டியை வெளியே அதிகம் விடாதே.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நான்தான் செய்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் மீட்டரை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். நீ மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். "சுத்திகரிப்புத் தொட்டி விரிசல் விட்டுடுச்சு மச்சான். மூணு மாசத்துல புதுசு கட்டிடுறேன்னு முதலாளி சொல்றாரு. அதுவரைக்கும் லைனை நிறுத்தினா முப்பத்தெட்டு பேரும் வீட்டுக்குப் போகணும். முள்ளு கொஞ்சம் அடக்கமா நின்னா போதும்" என்றார்.

"நோட்டுல மாத்தி எழுதிட்டுப் போங்களேன் அத்தான், மீட்டர்ல எதுக்குக் கை வைக்கணும்?" என்று கேட்டேன்.

"பரிசோதனைக்கு வர்றவங்க நம்ம மீட்டர்லதான் முக்கிப் பாக்கிறாங்க" என்றார்.

பெரிய அளவைத் தொடவில்லை. அது தவறினால் பூச்சு கெட்டுப்போகும், கெட்டால் மறுநாளே தெரிந்துவிடும். வாய்க்காலுக்குப் போவது யாருக்கும் தெரியாது. அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இருபது நிமிட வேலை. நீ கீழே வந்து, "என்ன ரெண்டு பேரும் தலையோட தலை முட்டிக்கிட்டு?" என்று கேட்டாய்.

மூன்று மாதம் கழித்து, வந்து எடுத்துவிடட்டுமா என்று எழுதினேன். அவர் பதில் போடவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. களிம்பு விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் படித்துத்தான் அறிந்தேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கேள். அடுத்த வாரம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது அந்தத் துண்டை எடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து மீட்டர் உண்மையைச் சொல்லும். புரோப் பழசாகிவிட்டது, மாற்றினேன் என்று சொல்லிக்கொள். தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். அத்தான் பெயரும் கெடாது, மீட்டர் பழுது பார்க்கிற என் லைசென்சும் போகாது. அந்தப் பெண்களுக்கும் குணமாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

வரட்டுமா?

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

வர வேண்டாம்.

நீ சொன்னதை ஒரு வாரம் யோசித்தேன். தண்ணீரைத் திருப்ப விரிசல் இல்லாத தொட்டி வேண்டும். அது இன்னும் கட்டப்படவில்லை. மீட்டர் உண்மையைச் சொன்ன மறுநாளே இன்னொருவரைக் கூப்பிட்டு இன்னொரு துண்டைப் பற்றவைப்பார்கள்.

கீழ்த்தெருவுக்குப் போனேன். சலவைக்கூடத்து அம்மாள் ஈர விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். பிழிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், மீட்டர், நான்கு வருடம்.

"அப்ப அவருக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றேன்.

"களிம்பக் கொடுக்கும்போது என் மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. கூச்ச சுபாவம்னு நெனச்சேன்" என்றார். விரிப்பைக் கொடியில் போட்டார். சுருக்கங்களை இழுத்துவிட்டார். பிறகு, "இத ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க? அவரும் போயிட்டாரு. சொல்லாம இருந்திருந்தா நல்ல மனுஷன்னு ஒருத்தராவது எங்களுக்கு மிச்சம் இருந்திருப்பாரு" என்றார்.

எனக்கும்தான் என்று சொல்ல நினைத்தேன். கிணற்றுத் தண்ணீரை இனி தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் உப்புக்காரரிடம் பேனா மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, தெரிந்த கரைசலில் சரிபார்த்து, தொட்டியில் முக்கினேன். நோட்டில் இரண்டு புள்ளி ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டுக்காரர் தலையிலதான் விடியும், தெரியுதா?" என்றார். தெரியும் என்றேன். "அந்தப் பக்கத்தக் கிழிச்சுடுங்க" என்றார். கிழிக்கவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரையும் நோட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் மாசு பார்க்கிற பரிசோதனை அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டேன்.

உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு. வேறு யாரும் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

நீ செய்தது நியாயமா? உன்னைக் கேட்கிறேன். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டாயா? நான் உன் கூடப்பிறந்தவன்தானே?

அத்தான் தனக்காகவா செய்தார்? முப்பத்தெட்டு குடும்பத்துக்காகச் செய்தார். அவர் பெயரை ஊர் வாயில் போட்டுவிட்டாய். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? அவர் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நீ. எல்லோரும் அதிர்ச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இப்போதுதான் புரிகிறது. உனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. கல்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். உங்கள் எல்லோருடைய உடம்பும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். தொட்டித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப்போனார்கள். இரண்டிலும் நிக்கல். மீட்டருக்கு அரக்கு வைத்து எடுத்துப்போய்விட்டார்கள். ஐந்து வாரமாக லைன் நிற்கிறது. முதலாளி புதுத் தொட்டி கட்டுகிறார். நான்கு வருடம் முடியாதது இப்போது முடிகிறது.

முப்பத்தெட்டு பேரும் வீட்டில் இருக்கிறார்கள். கொக்கி மாட்டுகிறவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே" என்றார். எல்லோர் எதிரிலும்தான். நான் காய்களைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். எதிர்வீட்டு அம்மாள் இப்போது வருவதில்லை.

சலவைக்கூடத்துக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு வந்துவிட்டது. தோல் டாக்டர் பார்த்தார். நிக்கல் ஒருமுறை ஒவ்வாமல் போனால் ஆயுசுக்கும் ஒவ்வாதாம். புண் ஆறும். ஆனால் சாவியைத் தொட்டாலும் வளையலைப் போட்டாலும் மறுபடி வரும்.

நீ எழுதியதைப் படித்தேன். நீ சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அத்தானின் பெயரை எழுதினேன். மீட்டரில் கை வைத்தவர் யார் என்று ஒரு கட்டம். அதை நிரப்பவில்லை. தெரியாதா என்று கேட்டார்கள். தெரியும், அவரே வந்து சொல்வார் என்றேன். ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். ஜூலை இருபத்தைந்து. அன்றைக்கு மறுபடி கூப்பிட்டால் நான் எழுதிவிடுவேன். பொய் சொல்ல மாட்டேன்.

அலுவலகம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. இரண்டாவது மாடி.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

இருபத்துமூன்றாம் தேதி வந்தேன். உனக்கு இதற்குள் சொல்லியிருப்பார்கள். இரண்டாவது மாடியில் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர், நம் அம்மா வயது இருக்கும். மீட்டரை என் முன்னால் வைத்துத் திறந்தார். தேதியைக் காட்டி, "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஏன் செஞ்சீங்க?"

"அத்தான் கேட்டாருங்க."

"அவர் கேட்டாரு, சரி. நீங்க ஏன் செஞ்சீங்க?"

நான் மூடியை எடுத்து மீட்டரின் மேல் திரும்ப வைத்தேன். பிறகு அவரே ஏதோ எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

லைசென்சை ரத்து செய்துவிட்டார்கள். வழக்கும் உண்டு, முதலாளியோடு சேர்த்து. தேதி இன்னும் வரவில்லை. இப்போது ஒரு மின்விசிறி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருவதற்கு முன்பே என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அண்ணி ஒருத்தங்களே எப்படி இதையெல்லாம் தாங்குனாங்க?" என்றாள்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். மே மாதம் நான் எழுதியது மனிதன் எழுதுகிற எழுத்து இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிடு. நீ ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம் என்று வைத்து, செத்தவர் பக்கம் சாய்ந்துகொண்டேன். அவர் என்னைக் கேள்வி கேட்க மாட்டார் அல்லவா.

அலுவலகத்திலிருந்து இறங்கி உன் தெரு வரைக்கும் வந்தேன். முனையில் தையல் கடைப் பக்கம் நின்றேன். அதற்கு மேல் கால் எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

என்னை மன்னிப்பாயா?

உன் தம்பி


ஆகஸ்ட் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டிலும் நலம்தானே. மின்விசிறிக் கடையில் உட்கார்ந்தே வேலை என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். இடையிடையே எழுந்து நட.

திங்கட்கிழமை லைன் ஓடத் தொடங்கிவிட்டது. முப்பத்தெட்டு பேரில் முப்பத்தோரு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஏழு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கொக்கி மாட்டுகிறவரும்தான். வந்தவர்களில் சிலர் என்னோடு பேசுகிறார்கள். சூப்பர்வைசர் பேசுவதில்லை. காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார். வேலையை விட்டு என்னை எடுக்க அவர்களுக்கு இப்போது தைரியம் இல்லை. பிறகு எடுப்பார்களோ என்னவோ. புது மீட்டர். தினமும் காலையில் முதலில் தெரிந்த கரைசலில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போகிறேன். முதல் நாள் ஒன்று புள்ளி மூன்று வந்தது. தண்ணீரைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார்கள்.

சலவைக்கூடத்து அம்மாளுக்கு விரலிடுக்கு ஆறிவருகிறது. வழியில் பார்த்தால் தலையசைக்கிறார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அது போதும்.

நீ தெருமுனையில் நின்றதை நான் பார்த்தேன். மாடி ஜன்னலில் இருந்தேன். தையல் கடைக்காரர் வந்து ஏதோ கேட்டார், நீ தலையை ஆட்டினாய். உன் தலைமுடி இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது. கீழே இறங்கி வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. கை அங்கேயே இருந்தது. கதவைத் திறந்தபோது நீ இல்லை.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். தெரியவில்லை, தம்பி. அவரை மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. ஆறு டியூபையும் எந்தக் கடையில் வாங்கினீர்கள், எந்தப் பையில் வைத்து எடுத்துப் போனீர்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள். கேட்க முடியாது. அவர் வரமாட்டார்.

நீ வரலாம். வந்து என் எதிரில் உட்கார். நான் கேட்பேன், நீ பதில் சொல். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி வா. உன் மனைவியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வா.

எந்த ரயில் என்று எழுது. நிலையத்துக்கு வருகிறேன்.

உன் அக்கா